புது கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறதா? மாற்று கார் கேட்டால் கிடைக்குமா? வாரண்டியும் சட்டமும் சொல்வது என்ன?

"சார், பார்ட் பிளான்ட்ல இருந்து வரணும். ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வந்ததும் நாங்களே கூப்பிடுறோம்."

புது கார் வாங்கி மூன்று மாதம் கூட ஆகாத நிலையில், சர்வீஸ் சென்டரில் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புபவர்கள் ஏராளம். கியர் விழவில்லை, ஏசி வேலை செய்யவில்லை, டேஷ்போர்டு திரை திடீரென அணைந்துவிடுகிறது, எலெக்ட்ரிக் கார் என்றால் சார்ஜ் ஏறவில்லை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வாரண்டி இருப்பதால் ரிப்பேருக்குக் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் பத்து நாள் என்று சொன்னது இருபது நாளாகும். அதுவரை வேலைக்கு எதில் போவது? பிள்ளைகளை ஸ்கூலில் யார் விடுவது? வீட்டில் இருக்கும் பெரியவரை ஆஸ்பத்திரிக்கு எப்படி அழைத்துப் போவது?

கார் நின்றாலும் இஎம்ஐ நிற்காது. அது மட்டும் தேதி தவறாமல் அக்கவுண்ட்டில் இருந்து போய்க்கொண்டே இருக்கும்.

அப்போ, ரிப்பேர் முடியும் வரை ஓட்டுவதற்கு வேறொரு கார் கொடுங்கள் என்று கேட்க முடியுமா? கம்பெனி கொடுத்தே ஆக வேண்டுமா? கொடுக்கவில்லை என்றால் டாக்ஸிக்குச் செலவழித்த பணம் திரும்பக் கிடைக்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

*வாரண்டி புத்தகத்தில் என்ன இருக்கிறது?*

கார் டெலிவரி எடுக்கும்போது மாலை, இனிப்பு, போட்டோ எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு சின்னப் புத்தகத்தையும் கொடுப்பார்கள். பெரும்பாலானோர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கார் நிற்கும் நாளில்தான் அதைத் தேடுவோம்.

வாரண்டி என்பது ஒரு வாக்குறுதி. தயாரிப்பிலோ பொருளிலோ குறை இருந்தால், அந்த பாகத்தைக் காசு வாங்காமல் சரி செய்து தருவோம் அல்லது மாற்றித் தருவோம் என்பதுதான் அதன் சாரம். முழு காரையும் மாற்றித் தருவோம் என்று அதில் இருக்காது.

அதே புத்தகத்தில், "எவையெல்லாம் வாரண்டியில் சேராது" என்று ஒரு பட்டியல் இருக்கும். வண்டியைப் பயன்படுத்த முடியாமல் போனது, நேர இழப்பு, வாடகை வண்டிச் செலவு, வியாபார நஷ்டம் போன்றவற்றுக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சர்வீஸ் சென்டரில் மாற்று கார் கேட்டால் "அதெல்லாம் பாலிசியில இல்ல சார்" என்று சொல்வது இந்த வரியை வைத்துத்தான்.

சில நிறுவனங்கள், குறிப்பாக விலை அதிகமான கார்களை விற்பவை, குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் ரிப்பேர் நீடித்தால் மாற்று கார் அல்லது டாக்ஸி தருவதைத் தங்கள் சர்வீஸ் பேக்கேஜில் சேர்த்திருக்கின்றன. கர்டசி கார், ஸ்டாண்ட்பை கார், மொபிலிட்டி சப்போர்ட் என்று இதற்குப் பல பெயர்கள். எனவே முதல் வேலை, உங்கள் வாரண்டி புத்தகம், எக்ஸ்டெண்டட் வாரண்டி பேப்பர், சர்வீஸ் பேக்கேஜ் ஆகிய மூன்றிலும் இந்தப் பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது.

கார் விற்கும்போது சேல்ஸ்மேன் "வண்டி நின்னா ஸ்டாண்ட்பை வண்டி குடுப்போம் சார்" என்று சொல்லியிருக்கலாம். வாய்ச்சொல்லை நிரூபிப்பது கஷ்டம். அதுவே கொட்டேஷனிலோ, வாட்ஸ்அப் மெசேஜிலோ, விளம்பரத்திலோ இருந்தால் கதை வேறு. சொன்ன சேவையைத் தராமல் இருப்பது சேவைக் குறைபாடு என்று வாதிட அது போதுமான பிடி.

*இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?*

நேரடியாகச் சொன்னால், வாரண்டி ரிப்பேர் நடக்கும்போது மாற்று கார் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்டப் பிரிவு இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் "லெமன் லா" என்று அழைக்கப்படும், குறையுள்ள புது வண்டிகளுக்கான தனிச் சட்டமும் இங்கே கிடையாது.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-தான் கார் வாங்கியவருக்கும் பொருந்தும். பொருளில் குறை, சேவையில் குறைபாடு என்ற இரண்டையும் இந்தச் சட்டம் தனித்தனியாகப் பார்க்கிறது. கார் பழுதானது பொருளில் உள்ள குறை. அதைச் சரி செய்யக் காரணமே சொல்லாமல் வாரக்கணக்கில் இழுத்தடிப்பது சேவைக் குறைபாடு. இரண்டில் எது நடந்தாலும், குறையை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு தரவும் உத்தரவிட நுகர்வோர் ஆணையத்துக்கு 39-வது பிரிவு அதிகாரம் கொடுக்கிறது.

ஆக, மாற்று கார் என்ற வார்த்தை சட்டத்தில் இல்லை. ஆனால் கார் இல்லாமல் கழிந்த நாட்களுக்கான இழப்பீட்டைக் கேட்க வழி இருக்கிறது. இந்த வித்தியாசம்தான் இங்கே முக்கியம்.

2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரீகால் விதியையும் சிலர் குறிப்பிடுவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு அது. ஓட்டுநருக்கோ சாலையில் செல்பவர்களுக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்து தரும் குறை, ஒரே மாடலில் பலருக்கும் இருக்கும்போதுதான் அது பயன்படும். ஒருவருடைய கார் மட்டும் பார்ட் இல்லாமல் நிற்கும் பிரச்சினைக்கு அந்தக் கதவு திறக்காது.

*50,000 ரூபாய் தீர்ப்பு*

இந்த விஷயத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு ஒன்று 2006-ல் உச்ச நீதிமன்றத்தில் வந்தது. மாருதி உத்யோக் நிறுவனம் மேல்முறையீடு செய்த வழக்கு அது. புதிதாக வாங்கிய காரில் தொடர்ந்து கோளாறு. காரையே மாற்றித் தர வேண்டும் என்று நுகர்வோர் ஆணையத்தில் உத்தரவானது.

உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாரண்டியில் நிறுவனம் ஒப்புக்கொண்டது குறையுள்ள பாகத்தைச் சரி செய்வது அல்லது மாற்றுவது மட்டும்தான். முழு காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது. இதை மட்டும் படித்துவிட்டு "வாங்கியவருக்குத் தோல்வி" என்று நினைத்துவிடக் கூடாது. காரில் பிரச்சினை இருந்தது ஒப்புக்கொள்ளப்பட்ட நிலையில், வாங்கியவரின் பயணச் செலவுக்காக 50,000 ரூபாய் தரவும் அதே தீர்ப்பில் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது நீதிமன்றம்.

கார் மாற்றம் கிடைக்கவில்லை, பயணச் செலவு கிடைத்தது. அந்த வழக்கின் சூழ்நிலையை வைத்துக் கொடுக்கப்பட்ட தொகைதான் அது. எல்லோருக்கும் 50,000 என்று அர்த்தமில்லை. ஆனாலும் "கார் இல்லாமல் அலைந்ததற்கு ஒரு விலை உண்டு" என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே ஏற்றிருக்கிறது என்பது சாதாரண விஷயம் இல்லை.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. காரில் தயாரிப்புக் குறை இருக்கிறது, புது கார் கொடுங்கள் என்று கேட்டால், அந்தக் குறையை வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கு நிபுணர் அறிக்கை தேவைப்படும். செலவும் ஆகும், காலமும் ஆகும். ஆனால் கார் எத்தனை நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றது என்பதை நிரூபிக்க எந்த நிபுணரும் வேண்டாம். உள்ளே போன தேதியும் வெளியே வந்த தேதியும் எழுதப்பட்ட ஜாப் கார்டு போதும். அந்த நாட்களில் எவ்வளவு செலவானது என்பதற்கு டாக்ஸி பில் போதும். அந்தத் தாமதம் நியாயமில்லாதது என்பதை மட்டும்தான் அதற்கு மேல் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கும்.

*வெளிநாடுகளில் எப்படி?*

நம் நாட்டில் இல்லாத இந்த உரிமை வேறு சில நாடுகளில் சட்டமாகவே இருக்கிறது.

சீனா: குடும்பப் பயன்பாட்டுக் கார்களுக்கான விதிப்படி, தரக் குறை காரணமாக ஒரு தடவை ரிப்பேர் 5 நாளைத் தாண்டினால், 6-வது நாளில் இருந்து மாற்று கார் தர வேண்டும். அல்லது நியாயமான போக்குவரத்துச் செலவைத் தர வேண்டும். பார்ட் வருவதற்காகக் காத்திருக்கும் நாட்களும் இந்தக் கணக்கில் சேரும். 2013 முதல் இருந்த இந்த விதி, 2022 ஜனவரி 1 முதல் திருத்திய வடிவில் அமலில் இருக்கிறது. மொத்த ரிப்பேர் நாட்கள் 30-ஐத் தாண்டினால் காரை மாற்றிக்கொள்ளவோ திருப்பிக் கொடுக்கவோ கேட்கலாம்.

பிலிப்பைன்ஸ்: 2014-ல் வந்த லெமன் சட்டம் முதல் 12 மாதம் அல்லது 20,000 கிலோமீட்டர் வரை பொருந்தும். அந்தச் சட்டத்தின்படி உரிமை கோரி கார் ரிப்பேரில் இருக்கும் காலத்துக்கு, வீட்டில் இருந்து வேலைக்குப் போய் வர தினசரி போக்குவரத்துப் படி அல்லது ஒரு வண்டி தர வேண்டும்.

பிரிட்டன்: 2015-ம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், ரிப்பேரை நியாயமான காலத்துக்குள், வாங்கியவருக்குப் பெரிய சிரமம் இல்லாமல் முடிக்க வேண்டும் என்கிறது.

அமெரிக்கா: மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். பல மாநிலங்களில் மொத்தம் 30 நாட்கள் கார் ஓடாமல் ரிப்பேரில் நின்றுவிட்டால், அதைக் குறையுள்ள வண்டியாகக் கருதி மாற்றமோ பணமோ கேட்க முடியும்.

இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை செய்வது ஒன்றுதான்: நாளை எண்ணுவது. 5 நாள், 30 நாள் என்று ஒரு கோடு போட்டுவிட்டால் டீலரும் கம்பெனியும் அதற்குள் பார்ட்டைக் கொண்டுவரப் பார்ப்பார்கள். இந்தியாவில் அந்தக் கோடு இல்லை. "வந்ததும் கூப்பிடுறோம்" என்பது எத்தனை நாளுக்கும் நீளலாம்.

*டீலர் ஏன் தயங்குகிறார்?*

இதில் டீலரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. வாரண்டி வேலைக்கான பார்ட்டும் கூலியும் கம்பெனியிடம் இருந்து டீலருக்கு வந்துவிடும். ஆனால் ஒருவருக்கு இருபது நாள் கார் கொடுத்தால் அதன் தேய்மானம், இன்சூரன்ஸ், கீறல் விழுந்தால் ஆகும் செலவு இவற்றை யார் கொடுப்பது? கம்பெனியில் அதற்கென்று திட்டம் இல்லாவிட்டால் அது டீலர் தலையில்தான் விழும். டீலரிடம் இருப்பதோ டெஸ்ட் டிரைவுக்கான நாலைந்து வண்டிகள். அவற்றை அனுப்பிவிட்டால் விற்பனை படுத்துவிடும்.

தாமதத்துக்குக் காரணமான பார்ட்டும் டீலர் கையில் இல்லை. இஞ்சின், கியர்பாக்ஸ், பேட்டரி போன்ற பெரிய பாகங்களை மாற்ற கம்பெனியின் அனுமதி வேண்டும். போட்டோ, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அனுப்பி, அங்கிருந்து சரி என்று வந்த பிறகுதான் வேலை நடக்கும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே பல நேரம் தலைகீழ். பூசாரி கொடுக்க நினைத்தாலும் சாமியின் அனுமதி வேண்டும். அதனால்தான் சர்வீஸ் அட்வைசரிடம் சத்தம் போடுவதால் பலன் கிடைப்பதில்லை. அவருக்கு அந்த அதிகாரமே இல்லை. கோரிக்கை டீலரின் சர்வீஸ் மேனேஜருக்கும், கம்பெனியின் கஸ்டமர் கேர் மெயிலுக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும்.

*இன்சூரன்ஸில் கிடைக்குமா?*

மோட்டார் இன்சூரன்ஸில் கூடுதல் பிரீமியம் கட்டினால் டெய்லி அலவன்ஸ், லாஸ் ஆஃப் யூஸ் போன்ற பெயர்களில் ஒரு ஆட்-ஆன் கிடைக்கும். கார் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் நாட்களுக்குத் தினமும் ஒரு தொகை தருவார்கள். எத்தனை நாள், எவ்வளவு தொகை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

ஆனால் இது விபத்து, வெள்ளம் போல பாலிசியில் வரும் சேதத்துக்குத்தான். தானாகப் பழுதான காருக்கு, அதாவது வாரண்டி ரிப்பேருக்கு இது வராது. "எனக்குத்தான் அந்த ஆட்-ஆன் இருக்கே" என்று நம்பிக் காத்திருந்து ஏமாற வேண்டாம்.

ரோடுசைடு அசிஸ்டன்ஸ் எனப்படும் ஆர்எஸ்ஏ திட்டமும் அப்படித்தான். வழியில் நின்ற காரை இழுத்துச் செல்வார்கள். சில திட்டங்களில் அன்றைக்கு ஊர் போய்ச் சேர டாக்ஸியோ, வெளியூர் என்றால் தங்க ஓட்டலோ தருவார்கள். அன்றைய அவசரத்துக்கு உதவும். இருபது நாள் காத்திருப்புக்கு உதவாது.

*எப்படிக் கேட்க வேண்டும்?*

பெரும்பாலானோர் செய்யும் தவறு, எல்லாவற்றையும் போனிலேயே பேசி முடிப்பது. இருபது தடவை கூப்பிட்டிருப்பார்கள். ஒரு வரிகூட எழுத்தில் இருக்காது.

காரை விடும் அன்றே ஜாப் கார்டு நகல் வாங்குங்கள். அதில் தேதி, கிலோமீட்டர், நீங்கள் சொன்ன குறை அப்படியே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கியர் விழாத பிரச்சினைக்கு "ஜெனரல் செக்கப்" என்று எழுதியிருந்தால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். எப்போது முடியும் என்ற உத்தேசத் தேதியையும் எழுதி வாங்குங்கள். அதே குறைக்காக இரண்டாம் முறை விட்டால், புதிய ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். ஜாப் கார்டே இல்லாமல் "விட்டுட்டுப் போங்க, பார்த்து வைக்கிறோம்" என்பதை ஏற்க வேண்டாம்.

சொன்ன தேதி தாண்டினால், மாற்று கார் கேட்டு மெயில் அல்லது வாட்ஸ்அப் அனுப்புங்கள். ஆத்திரமாக எழுத வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"எனது கார் இந்தத் தேதியில், இந்த ஜாப் கார்டு எண்ணில், வாரண்டி ரிப்பேருக்காக உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. முடித்துத் தருவதாகச் சொன்ன தேதி கடந்துவிட்டது. எந்த பாகம் தேவை, எந்தத் தேதியில் ஆர்டர் போடப்பட்டது, எப்போது வரும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். கார் திரும்பக் கிடைக்கும் வரை மாற்று கார் ஏற்பாடு செய்யவும். இயலாவிட்டால் எனக்கு ஆகும் போக்குவரத்துச் செலவை ஏற்கவும். செலவுக்கான பில்களை வைத்திருக்கிறேன்."

மாற்று கார் உறுதியாகக் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு வரும் பதிலும், பதிலே வராததும், இரண்டுமே பின்னால் உங்களுக்கு ஆதாரம். கார் கிடைக்காவிட்டாலும் டாக்ஸி செலவில் ஒரு பங்கு, இலவச சர்வீஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று வேறு ஏதாவது தர முன்வரலாம். கார் நின்ற நாட்களை வாரண்டி காலத்தோடு சேர்த்துத் தரவும் கேட்டுப் பாருங்கள். எது கொடுத்தாலும் எழுத்தில் வாங்குங்கள். "எல்லாப் புகார்களும் முழுமையாகத் தீர்ந்தன" என்ற வாசகத்தின் கீழ் மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 8 லட்சம் ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாத இஎம்ஐ சுமார் 16,600 ரூபாய். கார் 22 நாள் நின்றால், ஓட்டாத காருக்குக் கட்டிய இஎம்ஐ 12,000 ரூபாய்க்கு மேல். டாக்ஸிக்கு தினமும் 700 ரூபாய் என்றால் 15,400. மொத்தம் 27,000 ரூபாயைத் தாண்டும். ஆணையத்தில் இரண்டையும் கூட்டி அப்படியே கொடுத்துவிட மாட்டார்கள். பில் உள்ள நியாயமான செலவுக்குத்தான் மதிப்பு. ஆப் மூலம் பிடித்த டாக்ஸி என்றால் பில் மெயிலில் இருக்கும். ஆட்டோ என்றால் ஜிபே, போன்பேயில் கொடுங்கள், கணக்கு இருக்கும். ஹேட்ச்பேக் காருக்குப் பதில் சொகுசு எஸ்யூவியை வாடகைக்கு எடுத்துவிட்டு அந்த பில்லை நீட்டினால் எடுபடாது. கார் ரெடி என்று மெசேஜ் வந்த பிறகு நீங்கள் போகாமல் விட்ட நாட்களும் உங்கள் கணக்குதான்.

*மாற்று கார் கொடுத்தால், சாவி வாங்கும் முன்...*

கேட்டதும் ஒரு கார் கொடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சந்தோஷத்தில் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்.

நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பதிவாகாமல் டிரேட் சர்டிபிகேட்டில் ஓடும் வண்டி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பதிவாகாத வண்டியை டெஸ்ட் பார்ப்பது, டெலிவரிக்குக் கொண்டுபோவது போன்ற டீலரின் வேலைகளுக்குத்தான் அந்த சர்டிபிகேட். உங்கள் தினசரி ஓட்டத்துக்கு இல்லை. ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

காரைச் சுற்றி வந்து ஒரு வீடியோ எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல், பெட்ரோல் அளவு, கிலோமீட்டர் எல்லாம் அதில் பதிவாகட்டும். திருப்பிக் கொடுக்கும்போதும் ஒரு வீடியோ.

விபத்து நடந்தால் யார் எவ்வளவு தருவது என்று கேளுங்கள். இன்சூரன்ஸ் இருந்தாலும், ஒவ்வொரு கிளெய்முக்கும் 1,500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் கட்டாயமாக உரிமையாளரே கொடுக்க வேண்டியிருக்கும். அதை உங்கள் தலையில் கட்டுவார்களா, அதற்கு மேலும் கேட்பார்களா என்பது நீங்கள் கையெழுத்துப் போடும் படிவத்தில் இருக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கார் பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் கட்டாய விபத்துக் காப்பீடு, அந்த வண்டியின் உரிமையாளருக்கானது. மாற்று காரின் உரிமையாளர் டீலர். எனவே அதை ஓட்டும்போது உங்களுக்கு ஏதாவது ஆனால் அந்தக் காப்பீடு உங்கள் குடும்பத்துக்கு வராது. தனியாக விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த நாட்களில் விழும் போக்குவரத்து அபராதம் யாருடையது, ஃபாஸ்டேக்கில் யார் பணம் போடுவது, வெளியூர் எடுத்துச் செல்லலாமா, வீட்டில் இன்னொருவர் ஓட்டலாமா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

*கொடுக்கவே இல்லை என்றால்?*

முதல் படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். புகாரை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். இது வழக்கு இல்லை, உத்தரவு போடும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் டீலரைத் தாண்டி கம்பெனியின் மேசைக்குப் புகார் போய்ச் சேர இது உதவும்.

அடுத்தது நுகர்வோர் ஆணையம். காரின் விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். முன்பெல்லாம் கம்பெனி இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டுமோ என்ற பயம் இருந்தது. இப்போது நீங்கள் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ புகார் கொடுக்கலாம். தூத்துக்குடியில் இருப்பவர் சென்னையில் வாங்கிய காருக்குத் தூத்துக்குடியிலேயே புகார் தரலாம்.

கட்டணமும் அதிகமில்லை. கார் விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய், 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும்.

புகாரில் டீலர், கம்பெனி இருவரையும் சேருங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால் "அது அவர்கள் பொறுப்பு" என்று மற்றவர் பக்கம் கை காட்டுவார்கள்.

சட்டப்படி, பொருளைப் பரிசோதிக்கத் தேவையில்லாத புகார்களை 3 மாதத்திலும், பரிசோதனை தேவைப்படுபவற்றை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும். நடைமுறையில் பல வழக்குகள் அதைவிட அதிகமாக நீள்கின்றன. மேல்முறையீடு என்று போனால் இன்னும் இழுக்கும். எனவே ரிப்பேர் நடக்கும் இருபது நாளில் கையில் கார் கிடைக்க ஆணையம் வழி இல்லை. நடந்து முடிந்த இழப்புக்கு ஈடு கேட்கும் வழி அது. இதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

*டாக்ஸி ஓட்டுபவர், கம்பெனி பெயரில் வாங்கியவர்?*

வணிக நோக்கத்தில் வாங்கிய வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. ஆனால் சொந்தமாக ஒரு வண்டி வாங்கி, தானே ஓட்டிப் பிழைப்பவருக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அவரும் நுகர்வோர்தான். அவருக்குக் கார் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானமே நிற்கும் நாள். ஆப் மூலம் ஓட்டுபவர் என்றால் முந்தைய மாதங்களின் வருமானக் கணக்கை எடுத்து வைப்பது இழப்பைக் காட்ட உதவும்.

கம்பெனி பெயரில் வாங்கினாலும், இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கான கார் என்றால் அது வணிக நோக்கம் ஆகாது என்பதை 2024 ஜூலையில் ஒரு பென்ஸ் கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பைக், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கியவர்களுக்கும் இந்தச் சட்ட வழிகள் எல்லாம் அப்படியே பொருந்தும். மாற்று ஸ்கூட்டர் கிடைப்பது அரிது. ஆனால் நாள் கணக்கும் பில் கணக்கும் ஒன்றுதான்.

*மொத்தத்தில்...*

மாற்று கார் என்பது இந்தியாவில் இன்றைக்கு உரிமையாக எழுதப்படவில்லை. கம்பெனி விருப்பப்பட்டால் தரும் சலுகையாகத்தான் இருக்கிறது. 6-வது நாளில் மாற்று கார் என்று ஒரு வரியை அரசு விதியாக எழுதிவிட்டால், புது கார் வாங்கியவர் சர்வீஸ் சென்டர் வாசலில் கெஞ்சி நிற்க வேண்டியிருக்காது. அந்த விதி வரும் வரை, நாளை எண்ணும் வேலையைக் கார் வாங்கியவரேதான் செய்துகொள்ள வேண்டும்.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று ஊரில் சொல்வார்கள். ஜாப் கார்டு, ஒரு மெயில், டாக்ஸி பில்கள். கார் உள்ளே போன அன்றே இந்தக் கணக்கை எழுதத் தொடங்கியவருக்குத்தான், கடைசியில் கேட்பதற்கு ஏதாவது கையில் இருக்கும்.